டீசல் தாங்கியில் கறள்: பம்பைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

(மீள்குடியேறிய விவசாயிகளுக்கான பயிற்சி நாளொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. காலபோகத்துக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டும். திரும்பி வந்த பல கிராமங்களில் ஓடக்கூடிய உழவு இயந்திரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது. அது நடு வயலில் நின்றால் ஒரு வீட்டின் வேலை மட்டும் நிற்பதில்லை. முறை பார்த்துக் காத்திருக்கும் அத்தனை வீடுகளின் விதைப்பும் பிந்துகிறது. ஆகவே பழைய இயந்திரங்களில் அடிக்கடி வருகிற ஒரு கோளாறைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன். டீசல் தாங்கிக்குள் பிடிக்கும் கறள்தான் அது.

கைவிட்டுப் போன இயந்திரம் திரும்பக் கிடைத்ததும் ரயரைப் பார்க்கிறோம், பற்றரியைப் பார்க்கிறோம், இருக்கையைப் பார்க்கிறோம். தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பவர்கள் குறைவு. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்த இயந்திரத்துக்கு வெளியில் தெரியும் சேதத்தைவிட தாங்கிக்குள் இருக்கும் சேதம்தான் பின்னர் அதிக செலவு வைக்கும். இன்று நீங்கள் ஒன்றை மட்டும் மனதில் கொண்டு போனால் போதும்: பம்பைக் கழற்ற முன்னர் தாங்கியைப் பாருங்கள்.

இயந்திரத்தைத் தொட முன்னர்

முதலில் உயிர். இயந்திரம் இன்னும் பற்றைக்குள்ளோ, துப்புரவு செய்யப்படாத காணியிலோ கிடந்தால் நீங்களாகப் போய் இழுத்து வர வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதற்காக அந்த இடம் பாதுகாப்பானது என்று எண்ணவும் வேண்டாம். கிராம அலுவலருக்கோ, கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ, பொலிசாருக்கோ அறிவித்து, அவர்கள் சரி என்று சொன்ன பின்னரே கிட்டப் போங்கள். வீட்டுக்கு வந்துவிட்ட இயந்திரத்திலும் இருக்கைக்கு அடியிலும் ஆயுதப் பெட்டிக்குள்ளும் கண்ணால் பார்க்காமல் கையை விடாதீர்கள். ஏதாவது புதிதாகத் தெரிந்தால் தொடாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு அறிவியுங்கள்.

அடுத்தது உரிமை. பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், பணம் செலவழித்துத் திருத்த முன்னர் எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வாகனப் பதிவு விபரங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கும்.

கறள் எப்படி வருகிறது?

பாதி நிரம்பிய தாங்கியின் மேல் பாதியில் காற்று இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. இரவில் தகரம் குளிரும்போது அந்த ஈரம் உட்புறத்தில் வியர்த்து, துளியாகி, கீழே இறங்குகிறது. டீசலைவிடத் தண்ணீர் பாரம் கூடியது. அதனால் அது டீசலுக்கு அடியில் போய்த் தேங்கி நிற்கும். மூடி இல்லாமல் பொலித்தீன் பையைக் கட்டி வைத்த தாங்கிக்குள் மழைத் தண்ணீர் நேராகவே போய்விடும். அடியில் தண்ணீர் நின்றால் அடித் தகரம் கறள் பிடிக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்களும் வளரும். கறுப்பாக, வழுவழுப்பாக, பாசி போல ஒன்று பில்ற்றரில் ஒட்டியிருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது இதுதான். அதுவும் தகரத்தை அரிக்கும்.

நமது பகுதியில் அதிகம் காணப்படும் மசி பேர்குசன் 135, 1964இல் வெளிவரத் தொடங்கிய மாதிரி. அதன் தாங்கி எஞ்சினுக்கு மேலே, பொனற்றுக்குள் இருக்கிறது. அங்கிருந்து டீசல் குழாய் வழியாக இறங்கி, சிறிய தள்ளு பம்புக்கும், பில்ற்றருக்கும், பிறகு பெரிய டீசல் பம்புக்கும், கடைசியில் இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. பெரிய பம்புக்குள் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் உருக்குத் துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மிகவும் நுண்ணியது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிரின் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளிக்குள் கறள் தூளும் தண்ணீரும் போனால் என்ன நடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடிக்கடி நடப்பது இதுதான். இயந்திரம் இடையில் நிற்கிறது. "பம்ப் பழுது" என்கிறார்கள். கிடைத்த உதவிப் பணத்தையோ, நகையை அடகு வைத்த பணத்தையோ கொடுத்துப் பம்பைச் செய்விக்கிறார்கள். அதே கறள் தாங்கியோடு பூட்டுகிறார்கள். அந்தப் போகம் முடிவதற்குள் புதிய பம்பும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. காரணம் தாங்கியில் இருக்கும்போது பம்புக்குச் செலவழிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போன்றது.

நீங்களே செய்யக்கூடிய மூன்று சோதனைகள்

இவற்றுக்கு மெக்கானிக் தேவையில்லை. இயந்திரம் தங்கள் பெயரில் இருந்தும் சாரதியின் சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலையில் பல அம்மாமார் இருக்கிறீர்கள். நீங்களும் இவற்றைச் செய்யலாம், அல்லது பக்கத்தில் நின்று செய்விக்கலாம்.

முதலாவது, மூடிச் சோதனை. தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் டீசல் இறங்க இறங்க உள்ளே காற்றில்லாமல் இழுவை ஏற்பட்டு எஞ்சின் நிற்கும். எஞ்சின் சோர்ந்து வரும்போது மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே பழையபடி ஓடினால் குறை மூடியில்தான். துளையைத் துப்புரவாக்கினால் போதும்.

இரண்டாவது, போத்தல் சோதனை. இயந்திரத்தை ஓர் இரவு அசையாமல் விடுங்கள். காலையில் தாங்கியின் அடிக்குழாயிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தல் டீசல் எடுத்து, வெளிச்சமான இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். அடியில் தெளிவான தனிப் படையாக நிற்பது தண்ணீர். செங்கபில நிறத்தில் படிவது கறள். மேலே இருப்பது தேநீர்ச் சாயம் போலக் கலங்கியிருந்தால் நல்லதல்ல.

மூன்றாவது, கான் சோதனை. 5 லீற்றர் துப்புரவான கானொன்றில் நல்ல டீசலை விட்டு, தள்ளு பம்பைவிட உயரமான இடத்தில், புகைக்குழாய்க்குத் தூரமாக இறுகக் கட்டுங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, கானிலிருந்து ஒரு குழாயைத் தள்ளு பம்புக்குக் கொடுங்கள். புதிய பில்ற்றர் போட்டு, காற்றை எடுத்து, அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டுங்கள். தாங்கியோடு பத்து நிமிடத்தில் நின்ற எஞ்சின் கானோடு நிற்காமல் ஓடினால் பம்ப் பழுதில்லை, தாங்கிதான் குற்றவாளி. கானோடும் நின்றால் அப்பொழுது மெக்கானிக்கிடம் போங்கள். அவருக்கும் வேலை இலகுவாகும்.

தாங்கியைத் துப்புரவாக்கும் முறை

வேலையை மரநிழலில், காற்றோட்டமான வெளியில் செய்யுங்கள். பீடி, சுருட்டு, அடுப்பு எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. ஒரு வாளி மணலும் நனைந்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். டீசல் பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது நெருப்பைப் பரப்பும். பற்றரியின் மண் கம்பியை முதலில் கழற்றுங்கள். தாங்கிக்குள் பார்க்க ரோச் லைற்றைத் தவிர வேறு எந்த வெளிச்சமும் வேண்டாம். தீப்பெட்டி வெளிச்சத்தில் தாங்கிக்குள் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

டீசலைக் கானில் இறக்குங்கள். அதை நிலத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நமது கிணறுகள் ஆழமில்லாதவை. இறுகிப்போன நட்டுகளை ஊறவைக்க அந்த டீசல் உதவும். குழாய்களைக் கழற்றும்போது எது எங்கே போகிறது என்று துணித் துண்டு கட்டி அடையாளம் வையுங்கள். திறந்திருக்கும் குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். அடிக்குழாயையும் அளவு காட்டும் மிதவையையும் தாங்கியிலிருந்து கழற்றி, அந்தத் துளைகளை மரத் தக்கையால் அடைத்துவிடுங்கள்.

முதல் கழுவல் சவர்க்காரத் தூள் கரைத்த சுடுதண்ணீரால். தகரத்தில் எண்ணெய்ப் படை இருந்தால் பின்னர் ஊற்றும் அமிலம் கறளைத் தொடாது. நன்றாகக் குலுக்கி, இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம்.

பிறகு ஒரு முழம் நீளமான சிறு சங்கிலியைத் தாங்கிக்குள் விட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி, அரை மணி நேரம் எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்குங்கள். பெரிய செதில்கள் கழன்றுவிடும். கூழாங்கல் போடுவதைவிடச் சங்கிலி நல்லது. ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். நட்டு, போல்ற் போடுவதானால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். உள்ளே மிஞ்சிய ஒன்று பின்னர் குழாய் வாயை அடைக்கும்.

மிச்சக் கறளுக்கு விநாகிரியோ சிற்றிக் அசிட்டோ போதும். சிற்றிக் அசிட் சீனி போன்ற வெள்ளைத் தூள். 15 லீற்றர் வெந்நீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. தாங்கியை நிரப்ப முடியாவிட்டால் பாதி ஊற்றி, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிற்றிக் அசிட்டுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாள், விநாகிரிக்கு ஒன்று இரண்டு நாள். கறள் போனதும் எடுத்துவிட வேண்டும். அளவுக்கு மிஞ்சி விட்டால் நல்ல தகரத்தையும் தின்னும். மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள். அமிலம் இரும்பில் படும்போது ஐதரசன் வாயு வரும். அது எரியக்கூடியது.

மலசலகூடம் கழுவும் கடுமையான அசிட்டை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் கண்ணையும் தோலையும் சுடும், மெல்லிய தகரத்தில் ஓட்டை போடும், கழுவிய பிறகும் மிச்சம் நின்று மறுபடி கறளைக் கொண்டுவரும். ஆகவே வேண்டாம் என்றே சொல்வேன். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை எந்த அமிலத்தோடும் சேர்க்கவே கூடாது. அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

அமிலத்தை எடுத்த பின்னர் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி அப்பச்சோடா கரைத்து உள்ளே அலசுங்கள். அமிலத்தின் மிச்சம் முறியும். எடுத்த அமிலத் தண்ணீருக்கும் சோடா போட்டு, நுரை அடங்கிய பின்னர் கிணற்றுக்குத் தூரமான குழியில் ஊற்றுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, உடனே கடும் வெயிலில் வாயைத் திறந்து காய விடுங்கள். துப்புரவான இரும்பு ஈரத்தோடு நின்றால் சில மணி நேரத்தில் மறுபடி செம்மஞ்சள் நிறம் பூக்கும். அதனால் காய்ந்த கையோடு ஒரு லீற்றர் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி புரட்டி, வெளியே ஊற்றிவிடுங்கள்.

உள்ளே சாதாரண வர்ணம் பூசாதீர்கள். டீசலில் அது உரிந்து, கறளைவிட மோசமாகப் பில்ற்றரை அடைக்கும். நாகம் பூசிய தகரத்தில் டீசலைத் தேக்கி வைப்பதும் நல்லதல்ல. நாகம் டீசலில் கரைந்து இன்ஜெக்டரில் படியும்.

ஓட்டை இருந்தால்

கறளைக் கழுவிய பிறகுதான் சில ஓட்டைகள் வெளியே தெரியும். சில தாங்கிகளில் சன்னமோ செல் துண்டோ பட்ட ஓட்டைகளும் இருக்கின்றன. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டீசல் நின்ற தாங்கியை வீட்டிலோ தெருவோரக் கராச்சிலோ வெல்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். "டீசல் பெற்றோல் மாதிரிப் பற்றாது, கழுவியாச்சு, பயமில்லை" என்பார்கள். வெறுந் தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. மூலை மடிப்புகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய், வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலந்து குண்டு போல வெடிக்கும். இப்படி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. இந்த வேலையை அதற்கான ஒழுங்குகள் உள்ள பட்டறைதான் செய்ய வேண்டும்.

மேற்பக்கத்தில் ஒரு சிறு ஓட்டை என்றால், தகரத்தைச் சுரண்டித் துப்புரவாக்கி, டீசல் தாங்கும் இரு கலவைப் பசையால் அடைக்கலாம். அடித் தகரத்தை ரோச் வெளிச்சத்தில் பாருங்கள், ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். அரித்த தகரம் மந்தமாகக் கேட்கும், அழுத்தினால் உள்ளே போகும். அப்படியானால் அந்தத் தாங்கிக்கு மேற்கொண்டு செலவழிக்க வேண்டாம். பழைய உதிரிப்பாகக் கடையில் நல்ல தாங்கியொன்று வாங்குவது, அந்தத் தாங்கியால் ஒரு பம்பைக் கெடுப்பதைவிட மலிவு.

திரும்பப் பூட்டும்போது

தாங்கியை மட்டும் கழுவிவிட்டுப் பழைய பில்ற்றரோடு ஓட்டினால் செய்த வேலை வீண். குழாய்களை ஊதித் துப்புரவாக்குங்கள். அடிக்குழாயின் வலையையும் வண்டல் கிண்ணத்தையும் கழுவுங்கள். பில்ற்றர்களைப் புதிதாக மாற்றுங்கள். முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின்னர் கிண்ணத்தை மறுபடி பாருங்கள். மிஞ்சிய தூள் அப்போதுதான் வரும். பெட்டிக்குள் ஒரு பில்ற்றர் மேலதிகமாக இருக்கட்டும்.

காற்றை எடுக்கும்போது தாங்கிப் பக்கமிருந்து எஞ்சின் பக்கமாகப் போங்கள். முதலில் பில்ற்றரின் மேல் திருகு, பிறகு பம்பின் திருகுகள், கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகள். தள்ளு பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். எஞ்சின் சுற்றும்போது இன்ஜெக்டர் குழாயில் பீறிடும் டீசலுக்கு நேரே கையை வைக்காதீர்கள். அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே ஆசுபத்திரிக்குப் போகாவிட்டால் விரலை, சில வேளை கையையே இழக்க நேரும்.

இனிக் கறள் வராமலிருக்க

வேலை முடிந்து மாலையில் வீட்டுக்கு வந்ததும் தாங்கியை நிரப்புங்கள். காலையில் நிரப்புவதைவிட இது நல்லது. நிறைந்த தாங்கியில் இரவு ஈரத்துக்கு இடமில்லை. போகம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தி வைக்கும்போதும் நிரப்பியே வையுங்கள். வாரம் ஒருமுறை அடிக்குழாயிலிருந்து அரைப் போத்தல் எடுத்துப் பாருங்கள்.

பீப்பாயில் டீசல் கொண்டு வந்தால் ஓர் இரவு அசையாமல் விட்டுப் பிறகு எடுங்கள். அடியிலுள்ள கடைசிப் பகுதியை இயந்திரத்துக்கு விடாதீர்கள். நுண்ணிய வலை போட்ட புனல் வழியாக ஊற்றுங்கள். எரிபொருள் தடையிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் எதையெல்லாமோ ஓட்டப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கைவண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பூச்சும் கூட. மண்ணெண்ணெய் கலந்தால் அந்தப் பூச்சு குறைந்து பம்ப் தேயும். டீசல் கிடைக்கும்போது டீசலையே பாவியுங்கள்.

இன்று சொன்னவை லான்ட் மாஸ்டருக்கும் பொருந்தும். தாங்கி சிறிது, முறை ஒன்றுதான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்கு மூன்று நாள் தேவை. இப்போது மூன்று நாள் இருக்கிறது. மழை தொடங்கி, வயல் ஈரமாகி, முறை பார்த்து எல்லோரும் நிற்கும்போது அந்த மூன்று நாள் கிடைக்காது. நாளைக் காலை ஒரு போத்தல் டீசல் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதில் கறள் தெரிந்தால் அயலில் உள்ள இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தாங்கியை இறக்குங்கள். பக்கத்து வீட்டு இயந்திரத்தின் போத்தலையும் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் எல்லோருக்கும் நல்ல விளைச்சல் கிடைக்கட்டும்.